ரைட் பேக் இல்லாத டீம்

எங்கள் பஸ் முதலாளிக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்று கடைசி வரை தெரியாது. பத்து வருஷம் புட்பால் டீம் வைத்திருந்தவர். நான் நூறு தடவை சொல்லிக் கொடுத்திருப்பேன். மைதானத்து மண்ணில் கோடு கிழித்து, கூழாங்கல் வைத்து, இது நம்ம ஆள், இது பந்து, இது எதிராளி என்று காட்டுவேன். தலையை ஆட்டுவார். அடுத்த ஆட்டத்தில் ரெப்ரி விசில் ஊதியதும், "ஏண்டா ஊதறான்? எவன் உழுந்தான்?" என்பார்.

விசில் ஊதினால் யாரோ விழுந்திருக்க வேண்டும். அவருக்கு ஆட்டம் புரிந்தது அவ்வளவுதான்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவருடைய பேரன்களில் ஒருவன் வந்து படம் போடச் சொல்வான், இன்னொருவன் தப்பு கண்டுபிடிப்பான். எனக்கு இரண்டுக்கும் பொறுமை கிடையாது.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஓடிய ஒரு பஸ் அவருடையது. ஒரே ஒரு பஸ்தான். ஆனாலும் எங்கள் பக்கத்தில் முதலாளி என்றால் அவர். யுத்தம் வந்து பெட்ரோல் போனபோது பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பு மாட்டி ஓட்டினார். மேடு வந்தால் வண்டி மூச்சு வாங்கும். எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். திண்டிவனத்தில் ஆட்டம் என்றால் தள்ளுகிறவர்கள் நாங்கள் பதினோரு பேர். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, இறங்கி, தள்ளி, ஏறி, மறுபடி இறங்கி, ஊர் போய்ச் சேரும்போது முகமெல்லாம் கரி, தொடையெல்லாம் நடுக்கம். எதிர் டீம்காரன்கள் எங்களைப் பார்த்து, "இன்னாடா, ஆடிட்டு வரீங்களா, ஆட வரீங்களா?" என்று கேட்பான்கள்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் விக்கிரவாண்டிச் சேவலைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஒருநாள் காலையில் விக்கிரவாண்டியில் பஸ் ஒரு சேவலை அடித்துவிட்டது. வேறு முதலாளியாக இருந்தால் வண்டியை விரட்டிக்கொண்டு போயிருப்பான். இவர் நிறுத்தச் சொன்னார். இறங்கினார். செத்த சேவலைக் கையில் எடுத்துக்கொண்டு, "இது யாரு வூட்டுது?" என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனார். பஸ்ஸுக்குள்ளே திண்டிவனம் கோர்ட்டுக்குப் போகிற குமாஸ்தா ஒருவர், "யோவ், எனக்கு இன்னைக்கு வாய்தா இருக்குதுய்யா! ஜல்தி வாய்யா!" என்று கத்தினார். இவர் காதில் வாங்கவில்லை.

ஒரு அம்மாள் ஓடி வந்தாள். "ஐயோ, முட்டை இட்டுக்கினு இருந்த கோழியாச்சே!"

டிரைவர், "இது சேவல்மா," என்றான்.

"எங்க வூட்ல அதான் இட்டுக்கினு இருந்துச்சு."

பஸ்ஸே சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. அந்த அம்மாள் வீட்டு வாசலில் குந்தி, எத்தனை பிள்ளைகள், வீட்டுக்காரர் என்ன வேலை, மழை உண்டா என்று அரை மணி நேரம் பேசினார். கடைசியில், திண்டிவனம் சந்தைக்கு அவள் எப்போது வந்தாலும் டிக்கெட் கேட்கக் கூடாது என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு ஏறினார். அந்த அம்மாள் அப்புறம் ஏழெட்டு வருஷம் ஓசியில் வந்தாள். வருகிறபோதெல்லாம் பின் சீட்டிலிருந்து, "பாத்து ஓட்டு, பாத்து ஓட்டு" என்று டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். "போலீசு வந்தப்புறம் போனா அது கேசுடா. அதுக்கு முன்னாடி போனா அது துக்கம் விசாரிக்கிறது," என்றார்.

பஸ்ஸுக்கு இது சரி. புட்பாலுக்கு இது சரிப்படுமா? அதுதான் எனக்கும் அவருக்கும் இருந்த சண்டை.

எங்கள் லீக்கில் ஆறு டீம். நடத்தியது திண்டிவனத்துக் கமிட்டி ஒன்று. ஒரு வக்கீல் தலைவர். ஒரு டிரில் மாஸ்டர், இன்னும் ஐந்து பேர். இவர்களுக்குத் தண்டனை கொடுப்பது என்றால் பாயசம் சாப்பிடுவது மாதிரி. ஆட்டம் முடிந்து நாலாம் நாள் தபால்கார்டு வரும். இன்னாருக்கு இரண்டு ஆட்டம் தடை, இன்ன டீமுக்கு இரண்டு பாயின்ட் வெட்டு. காரணம் ஒரு வரி. சில சமயம் அதுவும் இருக்காது.

கார்டு வந்ததும் மற்ற டீம் முதலாளிகள் குதிப்பார்கள். விழுப்புரத்திலேயே ஒரு ரைஸ்மில்காரர் டீம் வைத்திருந்தார். ஒரு கார்டைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு டீமையே லீக்கிலிருந்து இழுத்துக்கொண்டார். ரோஷம். அவருடைய பதினோரு பேரும் அதற்கப்புறம் பந்தைத் தொடவில்லை. மில்லில் உமி அள்ளினார்கள். ரோஷம் முதலாளிக்கு, உமி ஆட்டக்காரனுக்கு.

எங்கள் முதலாளி கிழிக்கவும் மாட்டார், பதில் எழுதவும் மாட்டார். கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, யாருக்கு அடி பட்டதோ அந்த வீட்டுக்குப் போய்விடுவார்.

ஒருதடவை எங்கள் ஜனம் லைன்ஸ்மேன் மேல் சேற்றை வாரி அடித்ததாக இரண்டு பாயின்ட் வெட்டினார்கள். எங்கள் ஆட்கள் அடிக்கவில்லை. முதலாளி அந்த லைன்ஸ்மேன் வீட்டுக்குப் போனார். அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். சட்டையிலிருந்து சேறு போயிற்றா என்று விசாரித்தார். அந்த வாத்தியார், அடித்தது தன்னுடைய மச்சானே என்று சொல்லிவிட்டார். கண்டமங்கலத்திலிருந்து வந்த மச்சான். ஏதோ சீர் விஷயத்தில் கோபம். கூட்டத்தில் நின்றுகொண்டு கணக்குத் தீர்த்துவிட்டான். "வெளிய சொல்லிடாதீங்க, வூட்ல பேஜாராப் பூடும்," என்று வாத்தியார் கையைப் பிடித்துக்கொண்டார்.

முதலாளி வெளியே சொல்லவில்லை. எங்களிடம் மட்டும் சொன்னார், பஸ்ஸில். இரண்டு பாயின்ட் போனது போனதுதான். அந்த வருஷம் ஒரு பாயின்டில் கோப்பையை விட்டோம்.

"உண்மை தெரிஞ்சும் வாயை மூடிக்கினா அது இன்னா மொதலாளி ஞாயம்?" என்று கேட்டேன்.

"ரெண்டு பாயின்டுக்காக ஒருத்தன் பொண்டாட்டியோட சண்டை போடணுமா?" என்றார்.

நான் நாலு நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அப்புறம் என் முறை வந்தது.

நான் ரைட் பேக், வலது பக்கக் காவல். சேரிக்காரன். அப்பா விழுப்புரம் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினார், அம்மா மல்லாட்டை பிடுங்கப் போனாள். அந்த வருஷம் தை மாதம் ரயில்வேயில் ஆட்டக்காரர்களைப் பொறுக்கி வேலைக்கு எடுப்பதாக இருந்தது. எனக்கு அது கிடைத்தே ஆக வேண்டும். கிடைத்தால் எவன் வரப்பிலும் போய் நின்று கும்பிட வேண்டியதில்லை. ஆனால் லீக்கிலிருந்து, இவன்மேல் தண்டனை எதுவும் இல்லை என்று ஒரு கடிதம் கேட்டார்கள்.

ஐப்பசியில் திண்டிவனத்தில் ஆட்டம். மழை பெய்து தரை களிமண். அவர்கள் பையன் ஒருவன் பந்தை உருட்டிக்கொண்டு என் பக்கம் வந்தான். நான் பந்தை உதைத்தேன். பந்தைத்தான். பையன் விழுந்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. அவன்மேல் அவர்கள் டீமின் சென்டர் பார்வர்டும் விழுந்து எழுந்தான். ரெப்ரி பின்னாலிருந்து ஓடி வந்து பார்த்தபோது நின்றுகொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

நாலாம் நாள் கார்டு வந்தது. இரண்டு வருஷம் தடை. "முரட்டு சுபாவம் உள்ளவன்" என்று எழுதியிருந்தார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பார்கள் என்று நானும் நினைக்கவில்லை. நிலம் வைத்திருக்கிறவன் மகனுக்குக் கால் ஒடிந்தால் எவன் கால் தூக்கியிருக்கும் என்று அவர்களுக்குப் பார்க்காமலே தெரியும்.

ரைஸ்மில்காரர் வந்தார். "ஒண்ணு, கார்டைக் கிழிச்சுப் போட்டு டீமை இழுத்துக்கோ. இல்ல, கடலூர்ல பெரிய வக்கீலா வச்சு நோட்டீஸ் வுடு," என்றார்.

முதலாளி கார்டைப் பையில் போட்டார். "வாடா, அந்தப் பையனைப் பாத்துட்டு வரலாம்."

"நான் எதுக்கு வரணும்? வந்தா உதைச்சவன் மன்னிப்பு கேக்க வந்தான்னு சொல்லுவான்."

"உதைச்சியா?"

"இல்ல."

"அப்ப இன்னா பயம்? ஏறு."

பஸ் லைனில் ஓடாத நாளாகப் பார்த்து, அதே பஸ்ஸில் திண்டிவனம் தாண்டி கிளியனூர் பக்கம் அந்தப் பையன் ஊருக்குப் போனோம். தெருமுனையில் நான் இறங்கவில்லை. அந்தத் தெருவில் எங்கள் ஆட்கள் செருப்போடு நடக்க முடியாது. செருப்பைக் கழற்றி நடக்க நான் தயாராக இல்லை. முதலாளி என்னைப் பார்த்தார். தனியாகப் போனார். கொஞ்ச நேரத்தில் நாலு பேர் கயிற்றுக் கட்டிலோடு அந்தப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முதலாளி முன்னால் நடந்து வந்தார்.

"வூட்டுக்குள்ள இருட்டா கீது, பஸ்ல வெளிச்சத்துல பாக்கலாம்," என்று சொல்லி அழைத்து வந்திருக்கிறார்.

பையனை என் எதிர் சீட்டில் உட்கார வைத்தார்கள். காலில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டு. அவன் அப்பா ஏறவில்லை. நான் உள்ளே இருக்கிறேன் என்பதால் ஏறவில்லை. வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இன்னா, பஞ்சாயத்துப் பேச வந்தியா?" என்றார்.

"கால் எப்பிடி கீதுன்னு பாக்க வந்தேன்," என்றார் முதலாளி. கொண்டுவந்த மல்லாட்டை உருண்டைப் பொட்டலத்தைப் பையன் மடியில் வைத்தார். பிறகு இறங்கிப் போய் அந்த அப்பாவிடம் பயிர் பச்சை பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

பையன் என் பக்கம் சாய்ந்தான். "அண்ணே, நீ உதைக்கல. எனக்குத் தெரியும்."

"அப்ப ஏண்டா சொல்லல?"

"யாரும் கேக்கலயே."

"யாருடா ஒடிச்சது?"

"எங்க பெரியப்பா மவன். சென்டர் பார்வர்டு. வழுக்கினு வந்து கால் மேலயே உழுந்தான். வேணும்னு இல்லண்ணே. அத்த நான் சொன்னா வூட்டையே ரெண்டாக்கிடுவாங்க. எங்களுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே அடுப்பு."

நான் முதலாளியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஒரு காகிதத்துல எழுதி வாங்குங்க," என்றேன். பையன் முகம் வெளுத்துவிட்டது. முதலாளி அவன் தலையில் கை வைத்து, "உன்னை யாருடா எழுதச் சொன்னது? கால் ஆறட்டும், போ," என்று அனுப்பிவிட்டார்.

பஸ் கிளம்பியதும் நான் வெடித்தேன். "யோவ்! உனக்கு மனசுல இன்னாய்யா நெனப்பு? கால் ஒடிஞ்சவன் வூட்டுக்கெல்லாம் போற. என் வூட்டுக்கு எப்பய்யா வருவ? என் பொழப்பு போவுது, நீ உருண்டை குடுத்துக்கினு கீற!"

டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டான். "மொதலாளியைப் பாத்து இன்னாடா பேச்சு? காலைத் தொட்டு மன்னிப்புக் கேள்றா!"

"நீ ஓட்டுடா," என்றார் முதலாளி. "அவனுக்கு வலிக்குது, கத்தறான்."

அந்த வாரமே கமிட்டி கூடியது. வக்கீல் ஆபீசில். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன்.

"தண்டனையை ஒத்துக்கறேன்," என்று ஆரம்பித்தார் எங்கள் ஆள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். "நீங்க ஆடக் கூடாதுன்னா அவன் ஆடமாட்டான். ஆனா அவன் உதைக்கல. அவன் எடத்துல வேற ஆளை எறக்கமாட்டேன். பத்துப் பேரு ஆடுவாங்க."

"சாட்சி இருக்குதா?" என்றார் வக்கீல்.

"உங்க டீம் பையன். கால் ஒடிஞ்சு இத்தனை நாளாச்சு. உங்க ஏழு பேர்ல யாராவது போயிப் பாத்தீங்களா?"

டிரில் மாஸ்டர் கூரையைப் பார்த்தார்.

"அதுக்கும் இதுக்கும் இன்னாய்யா சம்பந்தம்?"

"அது எனக்குத் தெரியாதுங்க வக்கீலையா. எனக்கு ஆஃப்சைடே தெரியாது. பஸ்ஸு வெளிய நிக்குது. வர்றதுன்னா வாங்க, இட்டுக்கினு போறேன். டிக்கெட் வேணாம்."

யாரும் எழுந்திருக்கவில்லை.

அதிலிருந்து பத்துப் பேர்தான். எங்கள் டீமில் மாற்று ஆட்டக்காரனாக ஒரு டெய்லர் இருந்தான். தனக்குச் சான்ஸ் வந்துவிட்டது என்று புதுப் பனியனே தைத்துக்கொண்டு வந்தான். முதலாளி இறக்கவில்லை. "அப்ப நான் எதுக்கு பனியன் போட்டுக்கினு குந்தினு கீறேன்?" என்று கேட்டான். "குளிருக்கு," என்றார்.

தோற்றோம். நாலு ஆட்டம் வரிசையாகத் தோற்றோம். எல்லா டீமும் என் இடத்தின் வழியாகவே வந்தார்கள். ராஜபாட்டை மாதிரி திறந்து கிடந்தது. ஒரு ஆட்டத்தில் நிஜமாகவே ஒரு ஆடு வந்து அங்கே மேய்ந்தது. நான் கோட்டுக்கு வெளியே குந்தி அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஜனம் முதலில் சிரித்தது. "ஏய், ஒருத்தனைக் காணோம்!" என்று கத்தியது. அப்புறம் ஏன் என்று கேட்க ஆரம்பித்தது. அவன் உதைக்கவில்லையாம், அதனால் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்களாம் என்று பேச்சு ஊர் ஊராகப் போயிற்று. யார் உதைத்தது என்று முதலாளியிடம் எத்தனையோ பேர் கேட்டார்கள். அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல நாக்கு துடித்தது. அவருக்குப் பயந்து அடக்கினேன்.

தைக்கு இன்னும் மூன்று வாரம். கடிதம் இல்லை. அப்பா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். கூட்ஸ் ஷெட்டில் எனக்கும் ஒரு இடம் சொல்லி வைத்திருப்பதாக அம்மா மெதுவாகச் சொன்னாள்.

மார்கழியில் மறுபடி திண்டிவனம். மைதானத்துக்கு அந்தப் பையன் மாட்டுவண்டியில் வந்திருந்தான். கையில் தடி. என்னைப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கமிட்டி ஏழு பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அவன் அண்ணன், அந்தச் சென்டர் பார்வர்டு, என் ஓட்டை வழியாக வந்து இரண்டு கோல் போட்டான். மூன்றாவதுக்கு வந்தான். பந்து அவன் காலில். முன்னால் யாரும் இல்லை.

பையன் எழுந்தான். தடியை ஊன்றிக்கொண்டு கோட்டைத் தாண்டினான். நொண்டி நொண்டிப் போய் என் இடத்தில், நான் நிற்கிற இடத்திலேயே, நின்றான்.

அண்ணன் அவனுக்கு எதிரே வந்து நின்றுவிட்டான். பந்து இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது. ரெப்ரிக்கு விசில் ஊதவும் தோன்றவில்லை.

"இன்னாண்ணா, நிக்கற? அடி," என்றான் பையன்.

அண்ணன் பந்தைப் பார்த்தான். தம்பி காலைப் பார்த்தான். பிறகு கமிட்டிப் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நான்தாங்க உழுந்தேன். அவன் உதைக்கல," என்றான்.

ஜனம் கொட்டித் தீர்த்தது. "தம்பி காலை ஒடிச்சுட்டு ரெண்டு மாசமா கம்முனு இருந்தியாடா!" என்று அவனுடைய சொந்த ஊர்க்காரர்களே மண்ணை வாரி வீசினார்கள். வக்கீல் எழுந்து நின்று, முகம் சிவந்து, என்னைக் காட்டி, "அவனை எறங்கச் சொல்லுங்கய்யா!" என்று கத்தினார். தண்டனை கொடுக்கக் கார்டு வேண்டும். எடுக்க ஒரு கத்தல் போதும்.

நான் ஓடினேன். முதலாளியைக் கட்டிப் பிடிக்கத்தான் ஓடினேன். அவர் எதிரே வந்தார். என்னைத் தாண்டிப் போனார். "ஆடுடா போ, எடம் சும்மா கெடக்குது," என்று போகிற போக்கில் சொன்னார். நேராக அந்த அண்ணனிடம் போய், தோளிலிருந்த துண்டை எடுத்து அவன் தலைமேல் போட்டு, மண் விழாமல் மூடி, கூட்டத்தை விலக்கி பஸ்ஸில் கொண்டுபோய் உட்கார வைத்தார். தம்பியையும் ஏற்றினார். பஸ் கிளம்பிப் போய்விட்டது.

பதினோரு பேராக ஆடியும் தோற்றோம். மூன்று கோல். மூன்றாவது என் காலில் பட்டு உள்ளே போனது.

கடிதம் அடுத்த வாரம் வந்தது. ரயில்வேயில் எடுத்துக்கொண்டார்கள். முப்பது வருஷம் வேலை பார்த்தேன். அதெல்லாம் பிறகு. அன்றைக்கு ஆட்டம் முடிந்து மைதானம் காலியாகிவிட்டது. பனி இறங்க ஆரம்பித்தது. ஊருக்குப் போக வண்டி இல்லாமல் பதினோரு பேரும் ஈரப் பனியனோடு ரோட்டோரம் நின்றோம். டெய்லர் மட்டும் குளிராமல் நின்றான். இரண்டு மணி நேரம் கழித்துப் பஸ் வந்தது. அந்த வீட்டில் அப்பாவையும் பெரியப்பாவையும் உட்கார வைத்துப் பேசி, ஒரே பந்தியில் சோறு தின்ன வைத்துவிட்டு வருகிறார்களாம். டிரைவர் சொன்னான்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "ரெண்டு மாசம் செத்தது நானு. என்னை ரோட்ல வுட்டுட்டு அவனை இட்டுக்கினு போறீங்களே, இது ஞாயமா மொதலாளி?"

அவர் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். உண்மையாகவே அவருக்கு என் கேள்வி புரியவில்லை.

"உனக்கு இன்னாடா? நீ ஜெயிச்சவன். நடந்தேகூட வூட்டுக்குப் பூடுவ," என்றார். "ஏறு, மேட்ல தள்ள ஆள் வேணும்."